தளர்ந்தது கையா, கட்டளையா?

1891இல் மிலான் நகரிலிருந்து சோர்வைப் பற்றியே ஒரு முழு நூல் வெளிவந்தது. ‘லா ஃபாத்திகா’ என்ற அந்த நூலை எழுதியவர் ஆஞ்சலோ மோசோ. தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, டூரின் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக உயர்ந்தவர். ஐரோப்பாவின் ஆலைகள் மனிதக் கைகளைப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. மாலையில் கை தளர்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று சொல்வது முதலாளிகளுக்கு எளிதாக இருந்தது. மோசோ அந்தத் தளர்ச்சியைக் காகிதத்தில் கோடாக வரைந்து பார்த்தார். பார்த்தபின் ஒரு கேள்வியை எழுப்பினார். கை விழும்போது சோர்ந்தது தசையா, அல்லது மூளையிலிருந்து நரம்பு வழியே தசைக்கு வரும் கட்டளையா? அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆய்வகங்கள் நூறாண்டுக்கும் மேல் செலவிட்டிருக்கின்றன. ‘இதுவா, அதுவா’ என்று அது கேட்கப்பட்ட விதமே விடையை நெடுங்காலம் மறைத்து வைத்தது என்பதுதான் அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது. சோர்வில் நரம்புக் கட்டளை குறைவது உண்மை. ஆனால் அது மன உறுதி பின்வாங்குவதால் வரும் குறைவு என்று சொல்லச் சான்று இல்லை. தசை தன் நிலையை மேலே தெரிவிக்கிறது, தண்டுவடமும் மூளையும் அதைக் கேட்டு நடந்துகொள்கின்றன என்பதையே சான்றுகள் காட்டுகின்றன. அந்தச் சான்றுகளில் முக்கியமான மூன்று, மருத்துவர் மேசையில் கிடக்கும் ஓர் எளிய பொருளால் கிடைத்தவை: இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் காற்றுப்பட்டை.

மோசோ செய்த கருவியின் பெயர் எர்கோகிராஃப். முன்கையைப் பலகையில் அசையாதபடி கட்டிவிடுவார்கள். நடுவிரலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் இரண்டு மூன்று கிலோ எடை. தாளக் கருவி இரண்டு நொடிக்கு ஒரு முறை தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். தூக்கிய உயரத்தை ஒரு முள் கரிபூசிய உருளையில் கீறிக்கொண்டே போகும். முதலில் நெட்டையாக நிற்கும் கோடுகள் படிப்படியாகக் குட்டையாகி, கடைசியில் விரல் அசையாத இடத்தில் முடியும். ஆளுக்கு ஆள் அந்தச் சரிவின் வடிவம் மாறியது, ஒரே ஆளுக்கு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வடிவம் வந்தது. மோசோவை மிகவும் ஈர்த்த முடிவு வேறொன்று. அவருடைய சக ஆய்வாளர் மஜ்ஜோரா, மாணவர்களை நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு செய்துவிட்டு வந்து எர்கோகிராஃபில் கைவைத்தபோது கோடுகள் வெகு சீக்கிரம் விழுந்தன. விரல் அதுவரை வேலையே செய்யவில்லை. வேலை செய்தது மூளை. இன்னொரு சோதனையில், மனத்தால் இனி ஒரு முறைகூடத் தூக்க முடியாது என்ற நிலையில் மின்சாரத்தால் தூண்டியபோது தசை எடையைத் தூக்கியது. ஆகவே கட்டளை இடும் மையமும் களைக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அதே நூலில் சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கி உடல் கோணிப்போன சிறுவர்களைப் பற்றியும் அவர் வேதனையோடு எழுதினார். சோர்வின் அறிவியல் பிறந்த நாளிலிருந்தே உழைப்பாளியின் உடலோடு பிணைந்திருந்தது என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி.

மோசோவின் முடிவு நிலைக்கவில்லை, நிலைக்காததற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. நடுவிரல் தளரும்போது மற்றத் தசைகள் உதவிக்கு வருவதை எர்கோகிராஃப் தடுக்கவில்லை. மின்தூண்டல் எட்டும் தசைநார்களும் மனம் இயக்கும் தசைநார்களும் ஒன்றேதான் என்று உறுதி சொல்ல முடியாது. மேலும் நரம்பு என்னும் கம்பி களைக்கவே களைக்காது என்பதை ஹார்வர்டின் ஹென்றி பௌடிச் காட்டியிருந்தார். கியூரேர் நஞ்சால் தசையை நரம்பிலிருந்து துண்டித்துவிட்டு, நரம்பை மணிக்கணக்கில் மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே இருந்தார். நஞ்சின் வேகம் தணிந்ததும் தசை மறுபடி துடித்தது, அத்தனை நேரமும் நரம்பு சலிக்காமல் கடத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு வேதியியல் வந்தது. தவளையின் தசை களைக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதை 1907இல் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் அளந்தார்கள். தசையின் வெப்பத்தையும் அமிலத்தையும் ஆராய்ந்ததற்காக ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்கள். தசைக்குள்ளேயே இவ்வளவு நடக்கும்போது மூளையில் எதற்குத் தேட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆலைகளின் பக்கம் வேறொரு சலிப்பு. முதல் உலகப் போரின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி ஏறுவதைக் கண்ட பிரிட்டன், 1918இல் தொழிற்சோர்வு ஆய்வுக்கென ஒரு வாரியமே அமைத்தது. 1921இல் பெர்னார்ட் மஸ்கியோ என்ற உளவியலாளர், சோர்வை அளக்கும் சோதனை என்று ஒன்று சாத்தியமில்லை, அந்தச் சொல்லையே துல்லியமான அறிவியல் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம் என்று எழுதினார்.

கட்டளையைப் பற்றி வாதிட வேண்டுமானால் முதலில் கட்டளையைக் கேட்க வழி வேண்டும். மோசோவிடம் அது இல்லை. விரல் தூக்கிய எடையை வைத்து அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பைப்பர், முன்கைத் தோலின்மீது மின்முனைகளை வைத்துத் தசையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். நெடுநேரம் இறுக்கிப் பிடித்தால் அந்த அலைகளின் வேகம் குறைவதை 1912இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்கிறது. ஆனால் அது பல்லாயிரம் தசைநார்களின் கூட்டு இரைச்சல். ஒற்றை நரம்பணுவின் கட்டளையை மனிதத் தசைக்குள் கேட்க வைத்தவர்கள் எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும். 1929இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஊசிக்குழலுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து அதையே மின்முனையாக்கினார்கள். வந்த துடிப்பைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டார்கள். தண்டுவடத்திலுள்ள ஓர் இயக்க நரம்பணு தன் வசமுள்ள தசைநார்க் கூட்டத்துக்கு அனுப்பும் துடிப்புகள் டிக் டிக் என்று அறைக்குள் கேட்டன. விசையைக் கூட்டத் தண்டுவடத்துக்கு இரண்டு வழிகள் இருப்பதும் அப்போது தெளிவாயிற்று: மேலும் பல நரம்பணுக்களை வேலைக்கு அழைப்பது ஒன்று, ஏற்கெனவே வேலையில் இருப்பவை துடிக்கும் வேகத்தை ஏற்றுவது மற்றொன்று. சோர்வில் இந்த இரண்டும் எப்படி மாறுகின்றன என்ற கேள்வியை முதன்முறையாகத் துல்லியமாகக் கேட்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் அடுத்த பெரிய திருப்பம் எதிர்த்திசையில் வந்தது. லண்டன் குயீன் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையைச் சேர்ந்த பாட்ரிக் மெர்ட்டன் 1954இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் மிகவும் அழகாக வடிவமைக்கப்பட்ட சோதனைகளில் ஒன்று. கட்டைவிரலை உள்ளங்கை நோக்கி இழுக்கும் ஒரே ஒரு தசையை அவர் எடுத்துக்கொண்டார். அதற்குரிய நரம்பை மணிக்கட்டில் எளிதாகத் தூண்டலாம். ஒருவர் முழு பலத்தோடு விரலை அழுத்தும்போது நடுவில் நரம்புக்கு ஒரு மின்னடி. மனத்தின் கட்டளையில் ஏதேனும் மிச்சம் வைக்கப்பட்டிருந்தால் அந்த அடி கூடுதலாக ஒரு சிறு துள்ளலைத் தரும். கட்டளை முழுமையாக இருந்தால் துள்ளல் இராது. முழு முயற்சியில் துள்ளல் இல்லை. விசை பெரிதும் விழுந்துபோன சோர்வின் உச்சத்திலும் துள்ளல் இல்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் மின்குறியும் பெரிதாகக் குறையவில்லை. பிறகு அவர் கைக்குக் காற்றுப்பட்டையைக் கட்டி இரத்தத்தை நிறுத்தினார். பட்டை இறுகியிருக்கும் வரை, எவ்வளவு ஓய்வெடுத்தாலும் பலம் திரும்பவில்லை, அவிழ்த்ததும் திரும்பியது. இரத்தம் தடைப்பட்டது கைக்கு மட்டுமே, மூளைக்கு அல்ல. ஆகவே சோர்வு தசையில்தான் என்றார் மெர்ட்டன். மோசோவின் மையச் சோர்வு அதோடு முடிந்துபோனதாகப் பலர் நினைத்தார்கள்.

மெர்ட்டனின் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது தெரிய முப்பதாண்டு ஆயிற்று. இரத்தம் நின்றால் பலம் திரும்பவில்லை என்பது தடை தசையில் தொடங்குகிறது என்று காட்டும். தடை தசையோடு முடிந்துவிடுகிறது என்று அது காட்டாது. தசையின் நிலை மேலே தெரிவிக்கப்பட்டு, அதனால் கட்டளையும் சேர்ந்து குறைந்தாலும் விளைவு இதுவாகத்தான் இருக்கும். சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. 1961இல் இக்காயும் ஸ்டைன்ஹவுஸும், முழங்கையை முழு பலத்தோடு இழுப்பவரின் பின்னால் திடீரெனத் துப்பாக்கி வெடித்தாலோ, அவரே உரக்கக் கத்தினாலோ விசை கூடுவதைக் காட்டினார்கள். கூடுவதற்கு இடமிருந்தது என்றால் அதுவரை எதுவோ கையிருப்பில் இருந்திருக்கிறது. 1972இல் ஸ்டீபன்ஸும் டெய்லரும், முழு அழுத்தத்தின் முதல் நிமிடத்தில் விசையோடு தசையின் மின்னலையும் விழுவதைக் கண்டு, நரம்பு தசையைத் தொடும் சந்திப்பில்தான் கட்டளை தொலைகிறது என்றார்கள். அதை மறுத்தவர் பிரெண்டா பிக்லண்ட்-ரிச்சி. 1982இல் அவரும் குழுவினரும், அதே சோர்வில் நரம்புக்குக் கொடுத்த மின்னடி சந்திப்பைக் கடந்து முழு அளவில் தசையை எட்டுவதை அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு டங்ஸ்டன் மின்முனைகளால் ஒற்றை நரம்பணுக்களைக் கேட்டார்கள். தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை துடித்தவை, முழு முயற்சியை விடாமல் பிடித்திருந்தும் ஒன்றரை நிமிடத்துக்குள் அதில் பாதியளவுக்கு இறங்கிவிட்டன. சந்திப்பு பழுதாகவில்லை, ஆனால் கட்டளை பாதியாகிவிட்டது. மோசோ ஊகித்ததில் ஒரு பங்கு உண்மை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

கட்டளை பாதியானால் விசையும் அந்த அளவுக்கு விழ வேண்டாமா? இங்கேதான் மெர்ட்டன் மறுபடி வருகிறார், மார்ஸ்டன், மெடோஸ் ஆகியோருடன். களைத்த தசை மெதுவாகத் தளர்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது முழுதாக இளகுவதில்லை. அதனால் குறைந்த வேகத்துடிப்பே அதை இறுக்கிப் பிடித்திருக்கப் போதும். செயற்கையாக வேகத்தைக் குறைக்காமல் தூண்டிக்கொண்டே போனால், மனிதர் தாமே இழுக்கும்போது விழுவதைவிடச் சீக்கிரம் விசை விழுவதும் ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே நரம்பு மண்டலம் தசையின் நிலைக்கேற்பத் தன் வேகத்தைக் குறைத்து விசையைக் காப்பாற்றுகிறது என்று 1983இல் அவர்கள் எழுதினார்கள். அதற்குத் ‘தசையறிவு’ என்றும் பெயர் வைத்தார்கள். இருபதாண்டு இந்தக் கருத்து பாடநூல்களை ஆண்டது. எனக்கு இதில் முழு ஒப்புதல் இல்லை. ஒப்பிடப்பட்ட செயற்கைத் தூண்டல்கள் மனித நரம்பணு இயல்பாகத் துடிக்கும் வேகத்தைவிட மிக உயரத்தில் இருந்தன. 2003இல் ஃபியூகிள்வாண்டும் கீனும் இயல்பான வேகங்களையே எடுத்து, 30இலிருந்து 15க்கு இறக்கிக்கொண்டே தூண்டியதையும் 30இலேயே நிலையாகத் தூண்டியதையும் ஒப்பிட்டார்கள். நிலையாகத் தூண்டியதுதான் அதிக விசையைத் தக்கவைத்தது. கட்டளை குறைவதால் விசையில் ஒரு பகுதி உண்மையாகவே இழக்கப்படுகிறது. அப்படியானால் அது வெறும் பழுதுதானே என்று கேட்கலாம். விசையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தசை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வரை விசையைத் தர வேண்டும் என்பது ஆலையின் கணக்கு, உடலின் கணக்கு அல்ல. வேகம் ஏன் குறைகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

காற்றுப்பட்டை இரண்டாம் முறை வருவது 1986இல். பிக்லண்ட்-ரிச்சியும் குழுவினரும் தசையைக் களைக்கவைத்து, நரம்பணுக்களின் வேகம் இறங்கியபின் பட்டையை இறுக்கி இரத்தத்தை நிறுத்தினார்கள். மூன்று நிமிட ஓய்வு. தண்டுவடத்துக்கு இரத்தம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது, நரம்பணு தானே களைத்திருந்தால் அது தேறுவதற்கு நேரம் இருந்தது. ஆனாலும் வேகம் ஏறவில்லை. பட்டையை அவிழ்த்துத் தசைக்கு இரத்தம் திரும்பி மூன்று நிமிடத்துக்குள் வேகம் பழையபடி ஆனது. தண்டுவடத்தில் இருக்கும் நரம்பணுவின் வேகத்தை, கையிலே கிடக்கும் தசையின் வேதிநிலை தீர்மானிக்கிறது. இடையில் செய்தி சொல்பவை, தசைக்குள் சேரும் வேதிப்பொருள்களை உணரும் மெல்லிய உணர்நரம்புகள் என்று அவர்கள் முன்வைத்தார்கள். இது ஒன்றே முழு விளக்கம் என்று நான் சொல்லவில்லை. இழுவையை உணர்ந்து நரம்பணுவை ஊக்குவிக்கும் தசைக்கதிர்களின் செய்தியும் நெடுநேர இறுக்கத்தில் குறைந்துகொண்டே போவதை 1991இல் மேஸ்ஃபீல்டும் குழுவினரும் பதிவு செய்தார்கள். ஒரே தூண்டலை நெடுநேரம் பெறும் நரம்பணு தானாகவே வேகம் தளர்வதைப் பூனைகளில் கெர்னலும் மான்ஸ்டரும் 1982இல் காட்டியிருந்தார்கள். ஊக்கம் குறைகிறது, தடுப்பு கூடுகிறது, நரம்பணுவின் சொந்த இயல்பும் சேர்கிறது. எந்தச் சோர்வில் எது எவ்வளவு என்பது வேலைக்கு வேலை மாறும்.

மூளைக்கு வருவோம். 1980இல் மெர்ட்டனும் மார்ட்டனும், மண்டையோட்டைத் திறக்காமல் உச்சந்தலை வழியாக மின்னடி கொடுத்து மூளைப் புறணியைத் தூண்டிக் கையை அசைக்கலாம் என்று காட்டினார்கள். அது வலி தரும் முறை. 1985இல் ஷெஃபீல்டின் ஆன்டனி பார்க்கரும் குழுவினரும் வலியில்லாமல் காந்தப்புலத்தால் அதையே செய்தார்கள். சிட்னியில் சைமன் காண்டீவியாவின் குழு 1996இல் இதைச் சோர்வுக்குப் பயன்படுத்தியது. மெர்ட்டன் மணிக்கட்டில் அடித்த இடத்தில் இவர்கள் மூளையில் அடித்தார்கள். முழங்கையை முழு பலத்தோடு மடக்கிப் பிடித்திருக்கும்போது, தொடக்கத்தில் அந்த அடி தரும் கூடுதல் விசை மிகக் குறைவு. சோர்வு ஏற ஏற அது பெரிதாயிற்று. மூளைப் புறணியில் பயன்படுத்தப்படாத திறன் மிச்சம் இருந்தது, மனம் அதை எட்டவில்லை. சோர்வைத் தசைக்கு மட்டும் உரியதாக்கிய அறிஞரே உருவாக உதவிய முறை, அவர் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானது: எட்டவில்லை என்றால் எட்ட விரும்பவில்லை என்றுதானே பொருள், இது மனத் தளர்ச்சி அன்றி வேறென்ன? மூன்றாம் முறை பட்டை இறுகுவது இதற்குப் பதில் சொல்லத்தான். சோர்வு முடிந்ததும் கைக்கு இரத்தத்தை நிறுத்தினார்கள். புறணி காந்தத் தூண்டலுக்குத் தரும் எதிர்வினைகள் சில நொடிகளிலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் மூளையடி தரும் கூடுதல் விசை குறையவில்லை. கைக்கு இரத்தம் திரும்பும் வரை மனத்தால் புறணியை முழுமையாக ஓட்ட முடியவில்லை. சோதனைக்கு உட்பட்டவர்கள் பழக்கம் உள்ளவர்கள், விடாமல் முயன்றவர்கள். அவர்களது உறுதி தளர்ந்திருந்தால், பட்டையை அவிழ்த்ததும் அது எப்படித் திரும்பி வந்தது? மன உறுதிக்கு முழங்கையின் இரத்த ஓட்டத்தோடு என்ன தொடர்பு? புறணிக்கும் மேலே இருந்து வரும் ஓட்டத்தையும் தசையிலிருந்து வரும் செய்திதான் பிடித்து வைத்திருக்கிறது என்பதே நேரான முடிவு.

அந்தச் செய்தியை அறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2009இல் மார்கஸ் அமானும் சகாக்களும் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களின் தண்டுவடத்தில் ஃபென்டனில் மருந்தைச் செலுத்தினார்கள். கால் தசைகளிலிருந்து மேலே போகும் செய்தி மங்கியது, கீழே வரும் கட்டளைக்கு இடையூறு இல்லை. ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தில் அவர்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினார்கள், மூளை தொடைத்தசைகளை வழக்கத்துக்கு மேல் ஓட்டியது. ஆனால் பந்தயம் முடிந்த மொத்த நேரத்தில் முன்னேற்றம் இல்லை. பின்பாதியில் வேகம் விழுந்தது, தொடைத்தசையின் உள்சோர்வு வழக்கத்தைவிட ஆழமாக இருந்தது, முடிவில் நடப்பதற்கே சிலர் சிரமப்பட்டார்கள். கட்டளை குறைவது எதைக் காக்கிறது என்பதற்கு இது நேர் சான்று. தசையறிவு என்ற பெயர் விசையைக் காப்பதைப் பற்றியது. அந்தப் பொருளில் அது தவறாக இருக்கலாம். காக்கப்படுவது விசை அல்ல, தசை. அதைவிட, நாளை மறுபடி வேலை செய்யும் உடல்.

ஆய்வகச் சோர்வு வேறு, ஆலைச் சோர்வு வேறு, ஒரு நிமிடம் முழு பலத்தோடு விரலை அழுத்துவதை வைத்துப் பத்து மணி நேரத் தறியோட்டத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. மஸ்கியோவின் சந்தேகத்தில் நிலைத்து நிற்கும் பகுதி இதுதான். ஆனால் சான்று இந்த இடத்தில் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. முழு பலத்தில் குறுகிய நேரம் செய்யும் வேலையில் இழப்பின் பெரும்பங்கு தசைக்கு உரியது, கட்டளைக்கு உரியது சிறுபங்கு. மெர்ட்டனின் கண்ணுக்கு அது தப்பியதன் காரணம் அதுவே. 2006இல் சிட்னி குழுவினர் வேறு வகை வேலையைக் கொடுத்தார்கள்: ஒருவரின் முழு பலத்தில் 15 விழுக்காட்டை மட்டும் முழங்கையில் நாற்பது நிமிடத்துக்கும் மேல் பிடித்திருக்க வேண்டும். மளிகைப் பையை விடாமல் தூக்கிக்கொண்டிருப்பது போன்ற எடை. இடையிடையே முழு பலத்தைக் கேட்டுப் பார்த்தபோது, மூளையடி தரும் கூடுதல் விசை நேரம் செல்லச் செல்லப் பெருகிக்கொண்டே போனது. இழந்த பலத்தில் கட்டளையின் பங்கு, முழு முயற்சியில் இருந்ததைவிட மிகப் பெரியது. மோசோவின் காலத்து ஆலைத் தொழிலாளி செய்ததும், இன்று தையல் இயந்திரத்தின் முன்னும் பொட்டலம் கட்டும் மேசையின் முன்னும் அமர்ந்திருப்பவர் செய்வதும் இந்த வகை வேலைதான். சுமை சிறியது, நேரம் நெடியது. சுமையின் எடையை மட்டும் பார்த்து, இதில் களைக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் மேற்பார்வையாளர், கட்டளை எந்த வகை வேலையில் மிக அதிகமாகக் குறைகிறதோ அந்த வகையைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்கிறார்.